புது டேப்லெட்: சார்ஜ் ஏன் மெதுவாக ஏறுகிறது, ஏன் நிற்கவில்லை?

புதிதாக வாங்கிய டேப்லெட்டைப் பற்றி முதல் வாரத்தில் எழும் புகார்கள் பெரும்பாலும் இரண்டுதான். சார்ஜ் ஏற நாலைந்து மணி நேரம் ஆகிறது என்பது ஒன்று. ஏறிய சார்ஜ் நிற்கவில்லை, ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் பத்துப் பதினைந்து சதவீதம் காணோம் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சட்டென்று பேட்டரியின் மேல்தான் பழி விழுகிறது. பேட்டரியே குறையோடு வருவதும் உண்டுதான். ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய இடம். அதற்கு முன்னால் அடாப்டரையும் கேபிளையும் பார்க்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது திரையில் என்ன ஓடுகிறது, முதல் சில நாட்களில் உள்ளுக்குள் என்னென்ன வேலை நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. உள்ளே எத்தனை வாட் வருகிறது, வெளியே எத்தனை வாட் போகிறது என்ற வரவு செலவுக் கணக்குப் போதும்.

முதலில் வாட் கணக்கு

பெட்டியின் மேல் 8000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த எண்ணை மட்டும் வைத்து நேரத்தைக் கணிக்க முடியாது. இதை வாட்-மணியாக மாற்ற வேண்டும். இன்றைய லித்தியம் பேட்டரியின் சராசரி மின்னழுத்தம் சுமார் 3.85 வோல்ட். 8 ஆம்பியர்-மணியை 3.85 ஆல் பெருக்கினால் 30.8 வாட்-மணி. 5000 மில்லி ஆம்பியர்-மணி போன் ஒன்றுக்கு இதே கணக்கு சுமார் 19 வாட்-மணிதான். ஆக, ஒரே அடாப்டரில் போட்டாலும் போனைவிட டேப்லெட்டுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் நேரம் பிடிப்பது இயல்பு. பெரிய டேப்லெட் என்றால் இடைவெளி இன்னும் கூடும். சாம்சங் டேப் எஸ்9 அல்ட்ராவில் 11,200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறது. அது ஏறக்குறைய 43 வாட்-மணி.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் முழுவதும் பேட்டரிக்குள் போய்ச் சேராது. அடாப்டரின் லேபிளில் இருக்கும் வாட்டில் சுமார் 15 சதவீதம் கேபிளிலும் டேப்லெட்டின் சார்ஜிங் சிப்பிலும் வெப்பமாகப் போய்விடும் என்று வைத்துக்கொள்ளலாம். எனவே 30.8 வாட்-மணி பேட்டரியை நிரப்ப அடாப்டர் சுமார் 36 வாட்-மணி கொடுக்க வேண்டும். 15 வாட் அடாப்டர் என்றால் கணக்குப்படி இரண்டரை மணி, நடைமுறையில் மூன்று மணி. 10 வாட் என்றால் நாலு, நாலேகால் மணி. பழைய போனோடு வந்த 5 வாட் அடாப்டர் என்றால் ஏழரை மணி. கம்ப்யூட்டரின் யூஎஸ்பி 2.0 துளையில் செருகினால் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட்தான் வரவு. திரையைத் தொடாமல் வைத்திருந்தாலே பதினாலு மணிக்கு மேல் ஆகும். யூஎஸ்பி 3.0 துளையிலும் 4.5 வாட்தான்.

உங்கள் டேப்லெட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சரியான அடாப்டர், நல்ல கேபிள், திரை அணைந்த நிலை, இந்த மூன்றோடும் கணக்கில் வரும் நேரத்துக்குள் சார்ஜ் ஏறினால் டேப்லெட்டில் குறை எதுவும் இல்லை. அந்த மாடலின் வேகமே அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு உண்மையையும் தெரிந்துகொள்ள வேண்டும். எவ்வளவு மின்சாரம் வாங்கலாம் என்பதற்கு டேப்லெட்டுக்குள்ளேயே ஓர் உச்சவரம்பு உண்டு. 7040 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி கொண்ட சாம்சங் டேப் ஏ8 அதிகபட்சம் 15 வாட்தான் வாங்கும். அதில் 65 வாட் லேப்டாப் அடாப்டரைச் செருகினாலும் 15 வாட்டோடு நிற்கும். அடாப்டர் தள்ளிவிடுவதில்லை, டேப்லெட்தான் தேவைக்கு இழுத்துக்கொள்கிறது. அதனால் வாட் கூடுதலான அடாப்டரைச் செருகினால் பேட்டரி வெந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். வேகம் கூடிவிடும் என்று காசையும் செலவழிக்க வேண்டாம். உங்கள் மாடல் அதிகபட்சம் எத்தனை வாட் வாங்கும் என்பதைத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் பார்த்துவிட்டு அடாப்டர் வாங்குவதே முறை.

அடாப்டரின் பொடி எழுத்து

அடாப்டரின் மேல் பொடி எழுத்தில் ‘அவுட்புட்’ என்று தொடங்கும் வரி ஒன்று இருக்கும். அதைக் கண்ணாடி போட்டாவது படித்துவிடுங்கள். 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று மட்டும் இருந்தால் அது 10 வாட். அதே வரியில் 9 வோல்ட் 2 ஆம்பியர் என்று இன்னொரு ஜோடியும் இருந்தால் 18 வாட் வரை கொடுக்கும். 9 வோல்ட் 2.22 ஆம்பியர் என்றால் 20 வாட். ஆனால் இந்த இரண்டாவது ஜோடி தானாகக் கிடைத்துவிடாது. எந்த யூஎஸ்பி அடாப்டரும் செருகியவுடன் 5 வோல்ட்தான் கொடுக்கும். 9 வோல்ட்டுக்கு ஏற வேண்டுமானால் அடாப்டரும் டேப்லெட்டும் ஒரே நெறிமுறையில், அதாவது இரண்டுக்கும் புரியும் ஒரே பேச்சு முறையில், பேசி ஒத்துக்கொள்ள வேண்டும்.

பொதுவான நெறிமுறை யூஎஸ்பி பவர் டெலிவரி. இது டைப்-சி இணைப்பில் உள்ள சிசி என்ற தனிக் கம்பி வழியாகப் பேசுகிறது. 5, 9, 15, 20 வோல்ட் என்ற படிகளில் மின்னழுத்தத்தை உயர்த்தும். சிப் நிறுவனமான குவால்காமின் குயிக் சார்ஜ் முறை, அதன் பழைய வடிவங்களில், டேட்டா கம்பிகள் வழியாகப் பேசுகிறது. இவை போக, போன் நிறுவனங்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் முறைகள் தனி. வீட்டில் 67 வாட், 80 வாட் என்று எழுதிய போன் சார்ஜர் இருக்கும். அதில் வேறு நிறுவனத்தின் டேப்லெட்டைப் போட்டால் சார்ஜ் மெதுவாகத்தான் நகரலாம். அந்தப் பெரிய எண் அந்த நிறுவனத்தின் சொந்த முறையில் மட்டும் கிடைப்பது. இரண்டுக்கும் பொதுவான முறை எதுவும் இல்லையென்றால் அடாப்டர் 5 வோல்ட் 2 ஆம்பியருக்கு இறங்கிவிடும். டேப்லெட்டுக்கு அது 10 வாட் சார்ஜர், அவ்வளவுதான்.

அடாப்டரில் இருப்பது பழைய செவ்வகத் துளையா, டைப்-சி துளையா என்பதும் முக்கியம். செவ்வகத் துளையில் சிசி கம்பியே கிடையாது. ஆகையால் ஒரு முனை செவ்வகமாகவும் மறுமுனை டைப்-சியாகவும் உள்ள கேபிளில் பவர் டெலிவரி வேலை செய்யாது. ஐபேடை 20 வாட் வேகத்தில் ஏற்ற வேண்டுமானால் டைப்-சி துளை உள்ள அடாப்டர் தேவை.

இரண்டு மூன்று துளைகள் உள்ள அடாப்டரில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் மொத்த வாட். பக்கத்துத் துளையில் ஒரு ப்ளூடூத் இயர்போனைச் செருகினாலும் போதும், அடாப்டர் மொத்தத்தையும் மறுபடி பங்கிட்டு டேப்லெட்டின் பங்கைக் குறைத்துவிடும். சில மலிவான அடாப்டர்கள் இரண்டு துளைகளையும் 5 வோல்ட்டுக்கே இறக்கிவிடும். சோதிக்கும்போது ஒரு துளையை மட்டும் பயன்படுத்துங்கள்.

கேபிள்தான் பெரும்பாலும் குற்றவாளி

அடாப்டரை மாற்றிப் பார்ப்பவர்கள்கூடக் கேபிளை மாற்றிப் பார்ப்பதில்லை. கம்பி கம்பிதானே என்ற எண்ணம். ஆனால் மெதுவான சார்ஜிங்குக்குக் கேபிள் அளவுக்கு அடிக்கடி காரணமாகும் பொருள் வேறு இல்லை. அது எப்படி என்று எண்களோடு பார்ப்போம்.

கேபிளுக்குள் மின்சாரம் போக ஒரு செம்புக் கம்பி, திரும்ப ஒரு கம்பி. மெல்லிய கேபிள்களில் இவை 28 கேஜ் தடிமனில் இருக்கும். 28 கேஜ் செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம் மின்தடை. போக வர இரண்டு மீட்டர் ஆகிவிடுவதால், ஒரு மீட்டர் கேபிளின் தடை 0.43 ஓம். இதில் 2 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே விழுந்துவிடும். 5 வோல்ட் அடாப்டரிலிருந்து கிளம்பியது டேப்லெட்டுக்குப் போய்ச் சேரும்போது 4.15 வோல்ட். பேட்டரியின் மின்னழுத்தமே நிரம்பும் நேரத்தில் 4.2 வோல்ட்டையும் தாண்டும் என்பதால், இந்த மின்னழுத்தத்தால் அதை நிரப்ப முடியாது.

அதனால் டேப்லெட்டின் சார்ஜிங் சிப் ஒரு தற்காப்பு செய்கிறது. உள்ளே வரும் மின்னழுத்தம் சுமார் 4.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கத் தொடங்கினால், இழுக்கும் ஆம்பியரைத் தானே குறைத்துக்கொள்கிறது. மேலே சொன்ன கேபிளில் 4.5 வோல்ட் நிற்க வேண்டுமானால் 1.17 ஆம்பியருக்கு மேல் இழுக்க முடியாது. 4.5 ஐ 1.17 ஆல் பெருக்கினால் 5.3 வாட். 10 வாட் அடாப்டரை மாட்டியும் பாதிதான் உள்ளே போகிறது. அதே நீளத்தில் இதைவிடத் தடித்த 24 கேஜ் கம்பி இருந்தால் மொத்தத் தடை 0.17 ஓம், 2 ஆம்பியரில் 0.34 வோல்ட்தான் விழும், 9 வாட்டுக்கு மேல் உள்ளே போகும். இரண்டு கேபிளும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். 28 கேஜில் இரண்டு மீட்டர் நீளக் கேபிள் என்றால் நிலைமை இன்னும் மோசம். கட்டிலில் படுத்தபடி பார்க்க வசதி என்று வாங்கும் நீளமான, மெல்லிய கேபிள்கள் பல இந்த ரகம்.

சில கேபிள்களின் உறையிலேயே கம்பியின் கேஜ் அச்சிட்டிருக்கும். 28 என்று ஓர் எண்ணும் 24 என்று இன்னோர் எண்ணும் சேர்ந்து இருந்தால், முதலாவது டேட்டா கம்பிக்கு, இரண்டாவது மின்சாரக் கம்பிக்கு. கேஜ் எண் சிறியதாக ஆக ஆகக் கம்பி தடிமனாகும். மின்சாரக் கம்பிக்கு 24 அல்லது அதற்கும் சிறிய எண் இருந்தால் நல்லது. எதுவும் அச்சிடாத கேபிளை அரை மணி நேரச் சோதனையில் எடைபோட்டுவிடலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

9 வோல்ட்டில் சார்ஜ் செய்யும்போது இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. அதே மெல்லிய கேபிளில் 2 ஆம்பியர் ஓடி 0.85 வோல்ட் விழுந்தாலும் 8.15 வோல்ட் மிச்சம் இருக்கிறது. சிப்புக்கு அது தாராளம். வேகச் சார்ஜிங் முறைகள் மின்னழுத்தத்தை உயர்த்துவதன் பெரிய பயனே இதுதான்.

கேபிளில் இன்னும் சில சிக்கல்கள் உண்டு. சார்ஜுக்கு மட்டும் என்று விற்கும் கேபிள்களில் டேட்டா கம்பிகளே இருக்காது. அந்தக் கம்பிகளை நம்பியிருக்கும் வேகச் சார்ஜிங் முறைகள் அதில் தொடங்காது. 3 ஆம்பியருக்கு மேல் கடத்த வேண்டுமானால் கேபிளின் முனைக்குள் ‘இ-மார்க்கர்’ என்ற அடையாளச் சிப் இருக்க வேண்டும். டேப் எஸ்9 அல்ட்ரா போன்ற 45 வாட் டேப்லெட்டுக்கு 5 ஆம்பியர் கேபிளைக் கேட்டு வாங்கச் சொல்வது இதனால்தான். சாதாரண 3 ஆம்பியர் கேபிளில் அது குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும்.

மலிவான சில டேப்லெட்டுகளில் மட்டும் வரும் குறை ஒன்று பலரைக் குழப்புகிறது. செவ்வக முனைக் கேபிளில் சார்ஜ் ஏறும். இரு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் அடாப்டர் உயிரற்றதுபோலக் கிடக்கும். டைப்-சி அடாப்டர், மறுமுனையில் ஒரு கருவி இருக்கிறது என்பதைச் சிசி கம்பியில் உள்ள 5.1 கிலோ ஓம் மின்தடையை வைத்துத்தான் அறிகிறது. அதை உணர்ந்த பிறகே மின்சாரத்தைத் திறந்துவிடும். செலவைக் குறைக்கிறோம் என்று அந்தச் சின்னஞ்சிறு மின்தடையைத் தயாரிப்பாளர் விட்டுவிட்டால் இந்த நிலை. இதற்கு மென்பொருள் மருந்து கிடையாது. செவ்வக முனைக் கேபிளிலேயே காலம் தள்ள வேண்டும், இல்லையேல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பெயர் தெரியாத கேபிளின் ஆபத்து மெதுவாக ஏறுவதோடு முடிவதில்லை. செவ்வக முனையிலிருந்து டைப்-சிக்குப் போகும் கேபிளுக்குள் 56 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டும் என்பது விதி. 10 கிலோ ஓம் வைத்துவிட்டால், 3 ஆம்பியர் கிடைக்கும் என்று டேப்லெட் ஏமாந்து, தாங்க முடியாத அடாப்டரிலிருந்தோ கம்ப்யூட்டர் துளையிலிருந்தோ இழுக்கப் பார்க்கும். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015இல் அமேசானில் விற்ற டைப்-சி கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து, எது விதிப்படி இருக்கிறது, எது இல்லை என்று எழுதத் தொடங்கினார். கம்பிகளையே மாற்றி இணைத்திருந்த ஒரு கேபிள் 2016 தொடக்கத்தில் அவருடைய லேப்டாப்பையே பழுதாக்கியது. அதன் பிறகு கேபிள்களின் தரம் எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது. இருந்தாலும் விலைமதிப்புள்ள கருவிக்கு ஊர்பேர் தெரியாத கேபிளை மாட்டுவதை ஏற்க முடியவில்லை.

சோதிக்கும் விதம்

டேப்லெட்டில் 30 முதல் 50 சதவீதத்துக்குள் சார்ஜ் இருக்கும்போது தொடங்குங்கள். விமான முறையை (ஏர்பிளேன் மோடு) போட்டு, திரையை அணைத்து, சரியாக 30 நிமிடம் சார்ஜில் வையுங்கள். எத்தனை சதவீதம் ஏறியது என்று எழுதிக்கொள்ளுங்கள். 30.8 வாட்-மணி பேட்டரியில் ஒரு சதவீதம் என்பது 0.31 வாட்-மணி. அரை மணியில் 20 சதவீதம் ஏறினால் 6.2 வாட்-மணி உள்ளே போயிருக்கிறது, அதாவது சராசரி 12 வாட். 15 வாட் அடாப்டருக்கு இது சரியான எண். 8 சதவீதம்தான் ஏறியது என்றால் 5 வாட். எங்கோ தடை இருக்கிறது. இப்போது கேபிளை மட்டும் மாற்றி மறுபடி அரை மணி. பிறகு அடாப்டரை மட்டும் மாற்றி அரை மணி. ஒரு நேரத்தில் ஒரே பொருளைத்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் குற்றவாளி யார் என்று தெரியாது.

மின்னோட்டத்தைக் காட்டும் செயலிகளை நம்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவை காட்டுவது பேட்டரிக்குள் நிகரமாகப் போகும் மின்னோட்டம். திரை எரிவதற்கும் பிராசஸருக்கும் போனது அதில் ஏற்கெனவே கழிந்திருக்கும். அந்த எண்ணை அடாப்டர் லேபிளில் உள்ள ஆம்பியரோடு நேராக ஒப்பிடுவதும் தவறு. பேட்டரி பக்கம் மின்னழுத்தம் 4 வோல்ட் சுமார். அங்கே 1500 மில்லி ஆம்பியர் என்றால் 6 வாட். கேபிளுக்கும் அடாப்டருக்கும் நடுவில் மாட்டும் சிறிய யூஎஸ்பி மீட்டர் இதைவிடத் தெளிவான விடை தரும். வோல்ட், ஆம்பியர் இரண்டையும் ஒருசேரக் காட்டும். 9 வோல்ட்டுக்கு ஏறியதா, 5 வோல்ட்டிலேயே நிற்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

சார்ஜ் ஏறும்போதே செலவாகிறது

ஐபேட் 10ஆம் தலைமுறையின் பேட்டரி 28.6 வாட்-மணி, வைஃபையில் இணையம் பார்த்தால் 10 மணி நேரம் வரை வரும் என்கிறது ஆப்பிள். அப்படியென்றால் சாதாரணப் பயன்பாட்டிலேயே சராசரி 2.9 வாட் செலவு. ஒளியை முழுதாகக் கூட்டி, முப்பரிமாண விளையாட்டு ஒன்றை ஓடவிட்டால் இது 7 வாட்டைத் தொட்டுவிடலாம். மெல்லிய கேபிளில் 5.3 வாட் வருகிறது, திரையில் விளையாட்டு ஓடுகிறது என்றால், சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே சதவீதம் இறங்கும். சார்ஜில் போட்டும் குறைகிறதே என்ற புகார் பெரும்பாலும் இந்தச் சூழலில்தான் பிறக்கிறது. ‘மெதுவாக ஏறுகிறது’, ‘சார்ஜ் நிற்கவில்லை’ என்ற இரண்டு புகார்களும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

வெப்பமும் குறுக்கே வரும். லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் எல்லை பொதுவாக 0 முதல் 45 டிகிரி செல்சியஸ். அந்த மேல் எல்லையை நெருங்கும் முன்பே டேப்லெட் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தடித்த உறைக்குள், மெத்தையின் மேல், வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைத்தால் அடாப்டர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. உறையைக் கழற்றி, கடினமான பரப்பில் வைத்துப் பாருங்கள்.

80 சதவீதத்துக்கு மேல் ஏறுவது மந்தமாவது பேட்டரியின் இயல்பு. மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்டதும் அதற்கு மேல் உயர விடாமல் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைப்பதால் கடைசி இருபது சதவீதத்துக்கு நேரம் பிடிக்கிறது. 80லோ 85லோ சுத்தமாக நின்றுவிட்டால் அது வேறு விஷயம்: செட்டிங்ஸில் பேட்டரிப் பாதுகாப்பு வசதி இயங்கிக்கொண்டிருக்கும். ஆயுளைக் காக்க வைத்த வசதி அது, வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். சாம்சங் டேப்லெட்டுகளில் பேட்டரி பகுதியில் ‘ஃபாஸ்ட் சார்ஜிங்’ என்று தனி ஸ்விட்ச்சும் உண்டு. அது அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் உயிரே வராமல் கிடக்கும் டேப்லெட்டைக் கண்டு பதற வேண்டாம். நெடுநாள் கிடங்கில் கிடந்து மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால், சிப் முதலில் மிகச் சிறிய மின்னோட்டத்தில்தான் தொடங்கும். திரையில் எந்த அடையாளமும் இல்லாமல் அரை மணி நேரம்கூடப் போகலாம். அசல் அடாப்டரில் மாட்டி அப்படியே விட்டுவிடுங்கள். பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தால் வந்த கொஞ்சமும் வீணாகும். முதல் தடவை எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்ற அறிவுரை பழைய நிக்கல் பேட்டரிக் காலத்தது. லித்தியத்துக்கு அது தேவையில்லை.

முதல் மூன்று நாட்கள்

புது டேப்லெட்டில் உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கைக் கொடுத்து உள்ளே நுழைந்தவுடன் பின்னணியில் பெரும் வேலை தொடங்குகிறது. பழைய கருவியின் செயலிகள் எல்லாம் இறங்குகின்றன, பிறகு ஒவ்வொன்றும் புதுப்பிக்கப்படுகிறது. புகைப்படங்கள் இணையச் சேமிப்பிலிருந்து (கிளவுட்) வந்து, முகங்களையும் பொருட்களையும் இனங்காணும் அலசலுக்குப் போகின்றன. மின்னஞ்சலும் கோப்புகளும் தேடலுக்காக அட்டவணையாகின்றன. ஆண்ட்ராய்டு, அடிக்கடி பயன்படும் செயலிகளின் நிரலை அந்தக் கருவிக்கேற்ற வடிவுக்கு மாற்றி வைத்துக்கொள்கிறது. இந்த வேலையைக் கருவி சும்மா இருந்து, சார்ஜிலும் இருக்கும் நேரத்தில் செய்வது ஆண்ட்ராய்டு 7இலிருந்து வந்த ஏற்பாடு. இவையெல்லாம் முடிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். பெரிய சிஸ்டம் அப்டேட் வந்த பிறகும் இதே கதைதான்.

ஆகவே முதல் நாள் பேட்டரி நாலு மணி நேரத்தில் தீர்ந்தது என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்த வேலைகளைச் சீக்கிரம் முடிக்க ஒரு வழி உண்டு. முதல் இரண்டு இரவு வைஃபையை அணைக்காமல், திரையை அணைத்து, சார்ஜரிலேயே வையுங்கள். வேலையெல்லாம் அடாப்டரின் செலவில் நடந்துவிடும்.

சும்மா இருக்கும்போது இறங்கினால்

வைஃபை மட்டும் உள்ள டேப்லெட் எட்டு மணி நேரம் தூங்கினால் 2 முதல் 5 சதவீதம் இறங்குவது சாதாரணம். 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் ஏதோ ஒன்று தூங்கவிடவில்லை என்று பொருள். அது எது என்று கண்டுபிடிக்க மூன்று இரவு போதும்.

முதல் இரவு, எதையும் மாற்றாமல் படுக்கும் முன்பும் எழுந்த பின்பும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த இரவு விமான முறை. வைஃபை, ப்ளூடூத் இரண்டும் அணைந்திருக்கட்டும். இந்த இரவில் இறக்கம் 2, 3 சதவீதமாகச் சுருங்கிவிட்டால் பேட்டரி நலமாக இருக்கிறது, நெட்வொர்க்கைத் தொடும் செயலி ஏதோ ஒன்றுதான் காரணம். விமான முறையிலும் அப்படியே இறங்கினால் மூன்றாவது இரவு சேஃப் மோடில் வையுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கருவிகளில் பவர் மெனுவில் உள்ள ‘பவர் ஆஃப்’ என்ற எழுத்தை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடு கேட்கும். அதில் நீங்கள் நிறுவிய செயலிகள் எதுவும் ஓடாது. இறக்கம் நின்றால் நிறுவிய செயலிகளில் ஒன்று குற்றவாளி. அப்போதும் நிற்கவில்லை என்றால் சிஸ்டத்திலோ வன்பொருளிலோ குறை இருக்க வாய்ப்பு அதிகம்.

செயலிதான் என்று தெரிந்தால், செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் எது எவ்வளவு எடுத்தது என்று பாருங்கள். நேற்று நீங்கள் திறக்கவே இல்லாத செயலி பட்டியலின் மேலே நின்றால் அதுதான். ஆண்ட்ராய்டு 12 முதல் அந்தச் செயலியின் பேட்டரி அமைப்பில் ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றலாம். ஐபேடில் பேக்கிரவுண்ட் ஆப் ரெஃப்ரெஷை அந்தச் செயலிக்கு மட்டும் அணைக்கலாம். மற்றச் செயலிகளுக்காகப் பின்னணியில் உழைக்கும் கூகுள் பிளே சர்வீசஸ் மேலே நின்றால் அதைத் தொடாதீர்கள்; ஒத்திசைவில் சிக்கித் தவிக்கும் கணக்கையோ பாதியில் நிற்கும் டவுன்லோடையோ தேடுங்கள். கடவுச்சொல் மாறிப்போன பழைய மின்னஞ்சல் கணக்கு ஒன்று திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பது வழக்கமான காரணம்.

பேட்டரி சேவர், ராம் கிளீனர் என்ற பெயரில் வரும் செயலிகளை நிறுவ வேண்டாம். பின்னணியில் உள்ளதை அவை மூடும், சிஸ்டம் மறுபடி திறக்கும். இந்த இழுபறியிலேயே சார்ஜ் போகும்.

டேப்லெட்டோடு ஒட்டி நிற்கும் பொருட்களையும் மறக்கக் கூடாது. மேல் விளிம்பிலோ முதுகிலோ காந்தத்தில் ஒட்டும் பேனா டேப்லெட்டிலிருந்துதான் சார்ஜ் வாங்குகிறது. உறையில் உள்ள விசைப்பலகையும் பல மாடல்களில் அப்படியே. மூடியில் உள்ள காந்தம் சரியான இடத்தில் பொருந்தாத உறை என்றால், பைக்குள் அசையும்போதெல்லாம் திரை எரிந்து அணையும். சிம் போட்ட டேப்லெட் சிக்னல் மெலிந்த இடத்தில் கிடந்தால் கோபுரத்தைத் தேடியே தீர்ந்துபோகும். அங்கே மொபைல் டேட்டாவை அணைப்பதே சிக்கனம்.

பயன்பாட்டில் இருக்கும்போது வேகமாக இறங்குவதற்குத் திரைதான் முதல் காரணம். எல்சிடி திரையில் பின்விளக்குக்குப் போவது பெரும்பங்கு. ஒளியைப் பாதியாக்கினால் பலன் கண்கூடு. கறுப்புப் பின்னணிக்கு மாற்றுவது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் மட்டும் மிச்சம் பிடிக்கும், எல்சிடியில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும். திரை நொடிக்கு 120 தடவை புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் வசதி இருந்தால் 60க்கு இறக்கிப் பாருங்கள்.

எப்போது திருப்பிக் கொடுப்பது

துளையைப் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். டேப்லெட்டை அணைத்துவிட்டு மரக் குச்சியால் மெல்ல எடுக்கலாம், ஊசி கூடாது. அதற்குப் பிறகும் கேபிளை ஒரு கோணத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது என்றால் துளையே குறையுள்ளது. சதவீதம் 30இலிருந்து 5க்குத் தாவினால், சும்மா கிடக்கும்போதே முதுகு சுட்டால், சரியான அடாப்டரும் நல்ல கேபிளும் இருந்தும் கணக்கில் வந்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆனால், செட்டிங்ஸோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. திரை ஓரத்தில் உப்பித் தெரிந்தால் அந்த நொடியே சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, மறுபடி சார்ஜ் போடாமல் கொண்டுபோய்க் கொடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இவ்வளவையும் செய்ய வேண்டும் என்பதால், மூன்றாம் நாளே அரை மணிச் சோதனையைத் தொடங்கிவிடுவது நல்லது. கடைக்காரரிடமோ சர்வீஸ் சென்டரிலோ “சார்ஜ் நிற்கவில்லை” என்று மட்டும் சொன்னால், ஃபேக்டரி ரீசெட் செய்து கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எந்த அடாப்டர், எந்தக் கேபிள், தொடங்கிய சதவீதம், அரை மணியில் ஏறியது, விமான முறையில் எட்டு மணி நேரத்தில் இறங்கியது, சேஃப் மோடில் இறங்கியது என்ற எண்களை ஒரு தாளில் எழுதி, பேட்டரி பயன்பாட்டுப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு கொடுங்கள். பெட்டியோடு வந்த அடாப்டரையும் கேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.